ரிவர் வரை ஜோடி சேராத ஏஸ்-கிங்: பெட்டா, செக்கா?

போக்கர் மேசை, கையில் ஏஸ்-கிங். ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பெட் வைத்தாயிற்று, டர்னிலும் (நான்காவது சீட்டு) வைத்தாயிற்று. எதிராளி இரண்டு முறையும் கால் செய்துவிட்டார், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தார். ஐந்தாவது சீட்டும், அதாவது ரிவரும், விழுந்துவிட்டது. ஏஸும் இல்லை, கிங்கும் இல்லை. எதிராளி மேசையைத் தட்டி செக் (பெட் வைக்கவில்லை) என்கிறார். இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

புதிதாக ஆடுகிறவர்கள் இதை அபூர்வமான துரதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஏஸ்-கிங் கையில் இருந்தால் 100 முறையில் 68 முறை ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ வராது. ஐந்து சீட்டும் திறந்த பிறகும் 51 முறை வந்திருக்காது. அதாவது பாதிக்கு மேல் இதே இக்கட்டுதான். வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிறவரும் இதை மறுபடி மறுபடி சந்திப்பார். அந்த நேரத்துக்கு ஒரு முறைமை இல்லாவிட்டால், கோபத்தில் பெட் வைப்பதும் பயத்தில் செக் செய்வதும் மாறி மாறி நடக்கும்.

இங்கே பேசுவது நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு, பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர். ரிவருக்கு வரும்போது மேசையில் நீங்களும் இன்னொருவரும் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் சிப் எண்கள். இந்தியாவில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே அங்கிருப்பவர்கள் வெறும் சிப்பில் பழகுங்கள், கணக்கு ஒன்றுதான்.

முதல் படி: கையில் இருப்பது என்ன என்று ஒத்துக்கொள்ளுங்கள்

ரிவரில் இனி வரப்போகும் சீட்டு எதுவும் இல்லை. ஃப்ளாப்பில் “ஏஸ் வரலாம், கிங் வரலாம்” என்று பெட் வைத்ததற்கு அர்த்தம் இருந்தது. இப்போது அந்த அர்த்தம் தீர்ந்துவிட்டது. இப்போது வைக்கும் பெட் இரண்டில் ஒன்றுக்காக இருக்க வேண்டும்: உங்களைவிடக் கீழான கை கால் செய்ய வேண்டும், இல்லையென்றால் உங்களைவிட மேலான கை ஃபோல்ட் செய்ய வேண்டும், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும்.

முதலாவது கிட்டத்தட்ட நடக்காது. ஏஸ்-கிங் உயர்சீட்டு எந்த ஜோடியிடமும் தோற்கும், சாதாரண 2-2 ஜோடியிடம்கூட. அது ஜெயிப்பது ஃப்ளஷ்ஷுக்கோ (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெய்ட்டுக்கோ (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) காத்திருந்து ஏமாந்த கைகளை மட்டும். அந்தக் கைகள் உங்கள் பெட்டைக் கால் செய்யாது, ஓடிவிடும். ஆகவே இது எப்போதும் பிளஃப்தான், கை இல்லாமல் மிரட்டுவது. “எனக்கு ஏஸ் உயர்சீட்டு இருக்கிறதே, பாதி நல்ல கைதானே” என்று வேல்யூ பெட் (கீழான கை கால் செய்யட்டும் என்று வைப்பது) போல நினைத்து வைப்பது முதல் தவறு.

ஆனால் வெறும் குப்பைக் கையும் இல்லை. பெட்டே வைக்காமல் சீட்டைக் காட்டினாலும் சிலமுறை ஜெயிக்கும். குழப்பம் முழுக்க இந்த நடுத்தரத்தில்தான் இருக்கிறது.

போர்டில் (மேசையில் திறந்த பொதுச் சீட்டுகளில்) இரண்டு ஜோடி கிடக்கும்போது மட்டும் ஒரு தனிக் கணக்கு. 9-9-4-4-6 என்று போர்டு இருந்தால் உங்கள் ஐந்து சீட்டு 9-9-4-4-ஏஸ். கிங்குக்கு அங்கே இடமே இல்லை. எதிராளியிடம் ஏஸ்-7 இருந்தாலும் பாட்டை (நடுவில் சேர்ந்த சிப்பை) சரிபாதி பிரிப்பார்கள். “என் கிக்கர் (பக்கச் சீட்டு) பெரிது” என்று அங்கே வாதாடுபவரை எல்லா மேசையிலும் பார்க்கலாம்.

இரண்டாம் படி: பெட்டின் விலை

பிளஃப் லாபமாக இருக்க எதிராளி எத்தனை முறை ஃபோல்ட் செய்ய வேண்டும்? வைக்கும் பெட்டை, பாட்டும் பெட்டும் சேர்ந்த தொகையால் வகுத்தால் போதும். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் 25 சதவீதம், பாதி வைத்தால் 33, மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் 40, முழுப் பாட் வைத்தால் 50, பாட்டைப் போல இருமடங்கு வைத்தால் 67.

பலர் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஷோடவுனில், அதாவது கடைசியில் சீட்டைக் காட்டும்போது, ஒருபோதும் ஜெயிக்காத கைக்கு இது சரி. ஏஸ்-கிங்குக்குத் தப்பு. செக் செய்திருந்தால் சும்மாவே கிடைத்திருக்கும் பங்கு ஒன்று இருக்கிறது. பெட் வைக்கும்போது அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். பெட் பூஜ்யத்தை ஜெயித்தால் போதாது, செக்கை ஜெயிக்க வேண்டும்.

கணக்கு இப்படி மாறும்: பெட்டோடு, செக்கில் கிடைக்கும் பங்கையும் கூட்டி, பிறகு பாட்டும் பெட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். செக் செய்தால் 17 சதவீதம் ஜெயிப்பீர்கள் என்றால், மேலே சொன்ன எண்கள் முறையே 38, 45, 50, 58, 72 என்று ஏறிவிடும். மூன்றில் இரண்டு பங்கு பெட்டுக்கு 40 போதும் என்று நினைத்திருந்த இடத்தில் உண்மையில் 50 தேவை.

அந்த 17 எங்கிருந்து வந்தது? கீழே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: எதிராளியின் கைகளை எண்ணுங்கள்

பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் வைக்கும் கட்டாயப் பெட்) 5/10. ஆளுக்கு 1000 சிப். நீங்கள் பட்டனில் (கடைசியில் ஆடும் இடம்) இருக்கிறீர்கள், கையில் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் கிங். 25-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் (பெட்டை உயர்த்துகிறீர்கள்), ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட், பிக் பிளைண்ட் கால். பாட் 55.

ஃப்ளாப்: ஹார்ட் குயின், ஹார்ட் 8, கிளாவர் 3. அவர் செக், நீங்கள் 18, அவர் கால். பாட் 91.
டர்ன்: ஸ்பேட் 2. அவர் செக், நீங்கள் 60, அவர் கால். பாட் 211.
ரிவர்: டைமண்ட் 7. அவர் செக்.

இந்தப் போர்டில் ஃப்ளஷ்ஷும் இல்லை, ஸ்ட்ரெய்ட்டும் சேராது. இரண்டு பெட்டைக் கால் செய்து இங்கே வந்து நிற்கக்கூடிய கைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். வீட்டில் ஒரு கட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு செய்தால் சீக்கிரம் பழகும்.

முதல் குவியல், எதற்கும் ஃபோல்ட் ஆகாத கைகள். கிங்-குயின்: உங்களிடம் ஒரு கிங், போர்டில் ஒரு குயின் போக மிச்சம் 3 கிங், 3 குயின். ஆக 9 விதம். குயின்-ஜாக் 12, குயின்-10 12. ஒரே சின்னத்தில் குயின்-9 மூன்று விதம். கையில் ஒளித்து வைத்த 88, 33 (போர்டோடு சேர்ந்தால் மூன்று 8, மூன்று 3) தலா 3, ஆக 6. ஒரே சின்னத்தில் 8-7 இரண்டு விதம், ரிவரில் இரண்டு ஜோடி சேர்ந்தது. மொத்தம் 44.

இரண்டாம் குவியல், உங்களை ஜெயிக்கும், ஆனால் பயந்தால் ஓடக்கூடிய கைகள். 8 ஜோடி வைத்த ஒரே சின்னக் கைகள் (ஏஸ்-8, கிங்-8, ஜாக்-8, 10-8, 9-8) சேர்ந்து 13. கையோடு வந்த 99 ஆறு, 10-10 ஆறு. ஹார்ட்டுக்குக் காத்திருந்து, ஃப்ளஷ் கிடைக்காமல் ஒரு சின்ன ஜோடியோடு மிஞ்சிய கைகள் 5: ஹார்ட்டில் ஏஸ்-7, ஏஸ்-3, ஏஸ்-2, 9-7, 7-6. மொத்தம் 30.

மூன்றாம் குவியல், ஏமாந்த கைகள். எல்லாம் ஹார்ட்: ஏஸோடு ஜாக், 10, 9, 6, 5, 4 என்று ஆறு, கிங்கோடு ஜாக், 10, 9 என்று மூன்று, ஜாக்-10, ஜாக்-9, 10-9, 6-5, 6-4, 5-4 என்று ஆறு. மொத்தம் 15. இவை அத்தனையும் உங்கள் ஏஸ்-கிங்கிடம் தோற்கும்.

கூட்டினால் 89. அதில் 15-ஐ நீங்கள் ஷோடவுனில் ஜெயிக்கிறீர்கள். 15/89 என்றால் 17 சதவீதம். செக் செய்தால் 211-இல் உங்கள் பங்கு சராசரியாக 36 சிப்.

இப்போது 140 பெட் வைப்போம், மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் குவியல் 30-உம் பயந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 10-10 உட்பட. ஏமாந்த 15-ஐயும் சேர்த்தால் 45 ஃபோல்ட், 44 கால். 45 முறை 211 வரும், 44 முறை 140 போகும். சராசரி 37 சிப்.

செக்குக்கு 36, பெட்டுக்கு 37. நடுத்தர ஜோடி ஒன்றுகூடக் கால் செய்யாத கனவு எதிராளிக்கு எதிராகக்கூட இந்தப் பெட் கூடுதலாகச் சம்பாதிப்பது இரண்டு சிப்கூட இல்லை. இரண்டாம் குவியலில் பாதிப்பேர் கால் செய்தால்? 30 ஃபோல்ட், 59 கால். சராசரி 22 சிப் நஷ்டம். செக்கோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 57 சிப் பள்ளம்.

பாதிப்பேர் கால் செய்வார்களா என்றால், இந்தப் போர்டில் தாராளமாகச் செய்வார்கள். ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட் கிடந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. மூன்றாவது ஹார்ட் வரவில்லை என்பதும் பட்டது. 99 வைத்திருப்பவர் “ஹார்ட் வரலை, சும்மா மிரட்டுறார்” என்றுதான் யோசிப்பார். கண்ணுக்குத் தெரிகிற டிரா (ஃப்ளஷ்ஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ காத்திருப்பது) தவறிப்போன போர்டில் கால் அதிகம் வரும்.

நான்காம் படி: இதே இடத்தில் வேறு கை என்றால்?

இங்கே ஏஸ்-கிங்கை விட்டுவிட்டு, உங்களிடம் ஸ்பேட் ஜாக்-10 இருக்கிறது என்று வையுங்கள். ஃப்ளாப்பில் 9 வந்தால் ஸ்ட்ரெய்ட் என்று பெட் வைத்தீர்கள், டர்னிலும் தொடர்ந்தீர்கள், வரவில்லை. ஏஸ்-கிங்கைவிட மட்டமான கை. பிளஃப்புக்கு அதைவிட நல்ல கை.

மறுபடி எண்ணினால் முதல் குவியல் 41, இரண்டாவது 27, மூன்றாவது அதே 15, மொத்தம் 83. ஷோடவுனில் ஜாக்-10 ஜெயிப்பது ஐந்து கைகளை மட்டும், ஒன்றோடு சமம். செக் பங்கு 14 சிப். 140 பெட்டுக்கு இரண்டாம் குவியல் முழுக்க ஓடினால் சராசரி 38 சிப். செக்கைவிட 24 சிப் அதிகம். அதே அனுமானம், அதே எதிராளி, அதே பெட். ஏஸ்-கிங்குக்குக் கிடைத்த லாபம் இரண்டு சிப்புக்குள், ஜாக்-10-க்குக் கிடைத்தது 24.

இது புதியவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். “நல்ல கையை வைத்துத்தானே துணிய வேண்டும்?” என்பார்கள். ரிவர் பிளஃப்புக்கு இழக்க எதுவும் இல்லாத கையே தோது. பிளஃப் செய்ய உங்களிடம் ஜாக்-10, ஜாக்-9, 10-9 போன்றவை வந்திருக்கக்கூடிய இடங்களில் ஏஸ்-கிங்கைச் செக் வரிசையில் விட்டுவிடலாம்.

எத்தனை பிளஃப் அளவு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு பெட்டுக்கு ஐந்து வேல்யூ கைக்கு இரண்டு பிளஃப். முழுப் பாட் பெட்டுக்கு இரண்டுக்கு ஒன்று. பாதிக்கு மூன்றுக்கு ஒன்று. ஜோடி சேராத எல்லாக் கையையும் பெட் வைத்தால் இந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும், கவனிக்கிற எதிராளி எல்லாவற்றையும் கால் செய்யத் தொடங்குவார்.

ஐந்தாம் படி: உங்கள் இரண்டு சீட்டும் எதைத் தடுக்கின்றன?

உங்கள் கையில் இருப்பது எதிராளி கையில் இருக்க முடியாது. ஏஸும் கிங்கும் உங்களிடம் இருந்தால் அவருக்கு ஏஸ்-ஏஸ் வர 6 விதம் இருந்தது 3 ஆகிவிடும், கிங்-கிங்கும் அப்படியே. ஏஸ்-கிங் 16-இலிருந்து 9. இதைப் பிளாக்கர் என்பார்கள். பிளஃப்புக்கு வேண்டியது, அவருடைய பலமான கைகளைத் தடுப்பதும் அவர் ஃபோல்ட் செய்யப்போகும் கைகளைத் தடுக்காமல் இருப்பதும்.

இதில் அதிகம் தவறுவது சின்னத்தில். மேலே சொன்ன அதே கையில் ஸ்பேட் ஏஸுக்குப் பதில் ஹார்ட் ஏஸ் இருக்கட்டும். இப்போது ஹார்ட் ஏஸ் வைத்த ஆறு ஏமாந்த கைகளும் அவரிடம் இருக்க முடியாது. மூன்றாம் குவியல் 15-இலிருந்து 9. இரண்டாவது 28. முதலாவது 44, மாற்றமில்லை. மொத்தம் 81. செக் பங்கு 23 சிப். பெட்டுக்கு எல்லாமே சாதகமாக நடந்தாலும் 20 சிப். ஒரே ஒரு சீட்டின் சின்னம் மாறியதில் பெட் செக்குக்குக் கீழே இறங்கிவிட்டது. “என்னிடம் ஹார்ட் ஏஸ் இருக்கிறது, அதை வைத்து மிரட்டுகிறேன்” என்பது ஹார்ட் வராத ரிவரில் நேர் எதிராக வேலை செய்யும்.

ரிவரில் மூன்றாவது ஹார்ட் விழுந்திருந்தால் கதை வேறு. அப்போது ஹார்ட் ஏஸ் தங்கம். மிகப்பெரிய ஃப்ளஷ் அவரிடம் இருக்கவே முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் குயின் ஜோடி இருந்தாலும் பெரிய பெட்டுக்கு யோசிப்பார். ஜோடி சேராத ஏஸ்-கிங்கை ரிவரில் தைரியமாகப் பெட் வைக்கிற முதல் இடம் இதுதான்.

உயர்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வைத்த ரிவர் பெட்டுகளில் அதிகம் பேசப்படுவது 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், லாஸ் வேகாஸில், கடைசி இருவராக கிறிஸ் மனிமேக்கரும் சாமி ஃபர்ஹாவும் ஆடியபோது நடந்தது. மனிமேக்கரிடம் ஸ்பேட் கிங், ஹார்ட் 7. ஃபர்ஹாவிடம் ஸ்பேட் குயின், ஹார்ட் 9. போர்டில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, கடைசியில் ஹார்ட் 3. டர்னில் மனிமேக்கருக்கு ஃப்ளஷ்ஷும் ஸ்ட்ரெய்ட்டும் இரண்டும் வரக்கூடிய நிலை. ரிவரில் இரண்டும் வரவில்லை, மிச்சம் கிங் உயர்சீட்டு. அவர் எல்லாச் சிப்பையும் உள்ளே தள்ளினார். போர்டில் மேல் ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா ஃபோல்ட் செய்தார்.

துணிச்சலுக்காக அதைப் புகழ்வார்கள். படிகளைப் போட்டுப் பாருங்கள். டர்னில் ரெய்ஸைக் கால் செய்த எதிராளிக்கு எதிராகக் கிங் உயர்சீட்டு ஷோடவுனில் ஏறக்குறைய எதையும் ஜெயிக்காது, ஆகவே செக் பங்கு மிகக் குறைவு. போர்டில் மூன்று ஸ்பேட் கிடக்கிறது, பெரிய ஸ்பேட் ஒன்று மனிமேக்கர் கையிலேயே இருக்கிறது. ஃப்ளஷ் இருப்பதாக அவர் டர்னிலிருந்தே சொல்லிவந்த கதை ரிவர் பெட்டோடு பொருந்துகிறது. அதே இடத்தில் மூன்று ஸ்பேட் இல்லாத போர்டாக இருந்தால் அந்தப் பெட் வெறும் சூதாட்டம்.

ஆறாம் படி: யார் கடைசியில் ஆடுகிறார்?

மேலே நீங்கள் பட்டனில் இருந்ததால் செக் செய்தால் ஆட்டம் முடிந்து ஷோடவுன். நீங்கள் முதலில் ஆட வேண்டியவர் என்றால் செக்குக்குப் பிறகு அவர் பெட் வைக்கலாம். ஏமாந்த 15 கைகளில் 10-ஐ அவர் பெட் வைத்து, நீங்கள் ஃபோல்ட் செய்தால், உங்கள் செக் பங்கு 17 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குச் சரியும். 140 பெட்டுக்குத் தேவையான ஃபோல்ட் 50-இலிருந்து 43-க்கு இறங்கும். முதலில் ஆடும்போது பிளஃப் செய்யக் காரணம் கொஞ்சம் கூடுதல்.

அதற்காக ஓடிப்போய் பெட் வைக்க வேண்டாம். செக் செய்து, அவர் பெட்டை நீங்கள் கால் செய்வது மூன்றாவது வழி. 211 பாட்டில் அவர் 105 வைத்தால், நான்கில் ஒருமுறை ஜெயித்தால் போதும். அவர் பெட் வைக்கும் கைகளில் 40 உண்மையான கை, 15 ஏமாந்த கை என்றால் 27 சதவீதம், கால் செய்யலாம். ஏமாந்ததில் 10-ஐ மட்டும் வைக்கிறார் என்றால் 20 சதவீதம், விட்டுவிடுங்கள். ஹார்ட் ஏஸ் உங்களிடம் இருந்தால் இங்கேயும் கெடுதிதான், அவரது பிளஃப்புகளை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

முதலில் ஆடுகிறவர்கள் “விலை கட்டிப்போட” என்று பாட்டில் கால் பங்கு சின்ன பெட் வைப்பது வழக்கம். அவருடைய ஏமாந்த கைகள் ஃபோல்ட் ஆகும். அவற்றை ஏற்கனவே ஜெயித்துக்கொண்டிருந்தீர்கள். ஜோடிகள் எல்லாம் கால் செய்யும். உங்களுக்கு மிஞ்சுவது நஷ்டம் மட்டும்.

ஏழாம் படி: ஆளையும் போர்டையும் பாருங்கள்

ஜோடி இருந்தால் ஃபோல்ட் செய்யாத ஆள் மேசைக்கு ஒருவராவது இருப்பார். அவருக்கு எதிரே ரிவர் பிளஃப் கிடையாது, கணக்கே வேண்டாம். ஒருவருக்கு மேல் எதிராளிகள் மிச்சம் இருந்தாலும் ஏறக்குறைய அப்படியே. ஆளுக்கு 60 சதவீதம் ஃபோல்ட் செய்வார்கள் என்றால் இருவரும் ஃபோல்ட் செய்வது 36 சதவீதம்தான்.

பெட் வைக்கத் தகுந்த போர்டுகள் உண்டு. ஸ்பேட் 7, டைமண்ட் 5, கிளாவர் 2 என்று காய்ந்த, அதாவது டிராவுக்கு அதிகம் இடம் தராத, ஃப்ளாப். டர்னில் ஹார்ட் குயின், ரிவரில் ஸ்பேட் ஜாக். பிக் பிளைண்டிடம் இருப்பது பெரும்பாலும் 7 ஜோடி, 5 ஜோடி, 66, 88, 99. ஏமாந்த டிரா கொஞ்சம்தான், ஆகவே உங்கள் செக் பங்கும் கொஞ்சம்தான். குயினும் ஜாக்கும் முதலில் ரெய்ஸ் செய்தவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவருக்கும் தெரியும். ஃப்ளஷ் டிரா எதுவும் தவறிப்போகாததால் உங்களைச் சந்தேகிக்கக் காரணமும் குறைவு. ஃபோல்ட் செய்யத் தெரிந்த ஆளாக இருந்தால், இங்கே ஏஸ்-கிங்கை முக்கால் பாட் அளவுக்குப் பெட் வைக்கலாம்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: “என்னிடம் உண்மையில் ஏஸ்-குயின் இருந்தால் இதே அளவா வைப்பேன்?” இல்லை என்றால் கதை பொருந்தவில்லை. பாட்டுக்கு மேல் பெரிய பெட் வைத்தால் குயின்-10, குயின்-9 கூட ஓடும் என்பார்கள். முதல் எடுத்துக்காட்டில் 300 வைத்து, குயின்-10, குயின்-9 சேர்ந்த 15 கைகளும் ஓடினால் சராசரி 44 சிப், செக்கைவிட ஏறக்குறைய 9 அதிகம். மேல் ஜோடியை ஃபோல்ட் செய்கிற எதிராளி கிடைத்தால் செய்யுங்கள். சில்லறை மேசைகளில் அப்படிப்பட்டவர் அரிது.

சீட்டைக் காட்டும் நேரம்

நேர் மேசையில் பெட் வைக்கும்போது தொகையை வாயால் சொல்லிவிட்டு, சிப்பை ஒரே தள்ளலில் வையுங்கள். கொஞ்சம் வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினால் முதலில் வைத்ததுதான் பெட் என்று டீலர் முடித்துவிடுவார். 140 பிளஃப் 40 ஆகிவிடும்.

பிளஃப் கால் ஆகிவிட்டால் நீங்கள்தான் முதலில் காட்ட வேண்டும். வெட்கப்பட்டு, “நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்று சீட்டைக் கவிழ்த்துத் தூக்கிப்போடாதீர்கள். எதிராளி போர்டைத் தப்பாகப் படித்து, ஜோடி இருப்பதாக நினைத்து, ஏஸ்-ஜாக் உயர்சீட்டோடு கால் செய்திருக்கலாம். திருப்பிக் காட்டிய சீட்டுதான் பேசும். கவிழ்த்துப் போட்ட ஏஸ்-கிங்குக்கு உரிமை கிடையாது. இருவரும் செக் செய்திருந்தால், போட்டி விதிகளின்படி அந்தச் சுற்றில் முதலில் ஆட வேண்டியவர் முதலில் காட்டுவார். நீங்கள் பட்டனில் இருந்தால் பொறுமையாக அவர் சீட்டைப் பாருங்கள். 99-ஐ அவர் எந்தப் பெட்டுக்குக் கால் செய்து இங்கே வந்தார் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல். அடுத்த முறை இரண்டாம் குவியலில் எத்தனை பேர் ஓடுவார்கள் என்று ஊகிக்க அதுதான் கையிருப்பு.

மேசையில் 89 கைகளை எண்ண நேரம் இருக்காது. எண்ணும் வேலை வீட்டில்தான். ஒரு கட்டுச் சீட்டையும் காகிதத்தையும் எடுத்து, மேலே உள்ள கையிலேயே ரிவர் டைமண்ட் 7-ஐ எடுத்துவிட்டு ஹார்ட் 5-ஐ வையுங்கள். ஏமாந்த கைகள் என்று எழுதிய 15-இல் ஹார்ட் 5 வைத்த 3 இனி இருக்க முடியாது, மிச்சம் 12-உம் இப்போது ஃப்ளஷ், முதல் குவியலுக்குப் போய்விட்டன. உங்களிடம் ஸ்பேட் ஏஸ் இருக்கும்போது ஒருமுறை, ஹார்ட் ஏஸ் இருக்கும்போது ஒருமுறை என்று மூன்று குவியலையும் திரும்ப எண்ணி, இரண்டிலும் 140 பெட்டையும் செக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.